நான்கு பேர் போட்ட பூட்டு

எங்கள் இரும்புக்கடையை இப்போது நடத்துகிறவர் பழைய முதலாளியின் மகள் சுகந்தி. போன கிழமை என்னைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அந்தோனியண்ணை, நம்பர் பூட்டின்ரை நம்பரை மறந்துபோட்டு ஒவ்வொரு நாளும் ஆராவது கடைக்கு வருகினம். அதை எப்பிடித் திறக்கிறதெண்டு ஒரு பக்கத்திலை எழுதித் தாங்கோ. கடையின்ரை முகநூலிலை போடுவம்."

ஓம் என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டு வீட்டில் சும்மா இருக்கிறவனுக்கு ஒரு பக்கம் எழுதுவது என்ன பெரிய பாடு என்று நினைத்தேன். 'முதலில் வளையத்தைப் பிடித்து இழுக்கவும்' என்று ஒரு வரி எழுதினேன். அதோடு சபாரத்தினத்தார் நினைவுக்கு வந்துவிட்டார். அவரை ஒதுக்கிவிட்டுப் பூட்டைப் பற்றி மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை. ஆகவே இது எழுதச் சொன்ன பக்கம் இல்லை. இதை முகநூலில் போடுவதா, மீன் சுற்றக் கொடுப்பதா என்பது சுகந்தியின் பாடு.

நான் குருநகரான். எங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். எனக்கோ வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். இவன் தொழிலுக்கு உதவமாட்டான் என்று தகப்பனார் என்னை யாழ்ப்பாணம் பெரிய கடைப் பக்கம் இரும்புக்கடையில் கொண்டுபோய் விட்டார். ஆணி நிறுத்தேன், பெயின்ற் கலக்கினேன், கதவுப் பிணைச்சல் விற்றேன், சண்டைக் காலத்தில் விற்க ஒன்றுமில்லாமல் வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சண்டை ஓய்ந்து பாதை திறந்து வெளிநாடு போன எங்கள் சனம் பெட்டிகளோடு வந்து இறங்கத் தொடங்கிய பிறகுதான் நம்பர் பூட்டுகள் எங்கள் கைக்கு வந்தன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடை வாசலில் ஒரே பெட்டிகளாக இருக்கும். லண்டனில் பூட்டியவருக்கு யாழ்ப்பாணத்தில் நம்பர் ஞாபகம் வராது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பூட்டுத் திறக்கிற வேலையை முதலாளி தானே செய்வார். சத்தம் போட்டுக் கதைக்காத மனிதர். வெள்ளை வேட்டியில் ஒரு எண்ணெய்ப் பொட்டுக் கிடையாது. ஆள் வந்து பூட்டை நீட்டினால் அதைத் தொடமாட்டார். "உள்ளுக்கு என்ன கிடக்கு?" என்று கேட்பார். சொல்லத் தயங்குகிறவருக்கு, "எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை, வேறை கடையைப் பாருங்கோ" என்று விடுவார். கண் நன்றாகத்தான் தெரியும். பெட்டி மற்றவனுடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம்தான்.

பதில் சொன்னவரைக் கதிரையில் இருத்தி, ஒரு பிளேன்ரீ கொடுத்து, வேறு எதையாவது பற்றிக் கதை கொடுப்பார். அந்த ஊரில் மழையோ, இந்த முறை வெங்காயம் எப்படி என்று. கதைத்துக்கொண்டிருக்கும்போதே பூட்டை அவர் கையில் வைத்து, "யோசியாதேங்கோ, விரலை அதின்ரை பாட்டிலை விடுங்கோ" என்பார். பாதிப் பேருக்கு அதிலேயே திறந்துவிடும். திறந்தவர் ஆச்சரியப்பட்டு எங்களைப் பார்ப்பார். முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதிலும் சரிவராவிட்டால்தான் கைவேலை. சுகந்தி கேட்டது இதுதான், எழுதிவிடுகிறேன். பூட்டை இடது கையில் பிடித்து, வளையத்தைப் பெருவிரலால் மேலே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பலமாகத் தள்ளினால் எல்லா நம்பர்ச் சில்லும் இறுகிவிடும், தளர விட்டால் ஒன்றும் சொல்லாது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும், எழுத வராது. பிறகு சில்லுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தால் ஒன்று மற்றவற்றைவிட இறுக்கமாக நிற்கும். முதலில் அதைத்தான் பிடிக்கவேண்டும். மெல்லத் திருப்பிக்கொண்டு போக, ஒரு இடத்தில் அது சற்றே தளர்ந்து விழுவதுபோல் இருக்கும், வளையமும் ஒரு நூலளவு எழும்பும். அந்தச் சில்லை அப்படியே விட்டுவிட்டு, அடுத்து எது இறுகுகிறது என்று பார்க்கவேண்டும். மலிவான பூட்டுத்தான் இதற்கு மசியும். நல்ல பூட்டு மசியாது, அதற்கு இரும்பறுக்கிற வாள்தான்.

கடைசி முறை ஒன்று உண்டு. அதில் முதலாளி சரியான கண்டிப்பு. பூட்டுத் திறந்த அதே கையோடு சில்லுகளைக் கலைத்துவிட வேண்டும். "மற்றவன்ரை நம்பர் எங்களுக்கு ஏன்? நாங்களும் பாக்கக்கூடாது, பக்கத்திலை நிக்கிறவனும் பாக்கக்கூடாது" என்பார். முதலாளி காலமான பிறகும் நான் அதை விடவில்லை. ஒரே ஒரு தரம்தான் விட்டேன், அதுவும் என் கையைப் பிடித்துவிட்டார்கள்.

வலிகாமத்தில் ஒரு அம்மன் கோயில். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் அதற்கும் ஒரு வழக்கு வரும். அம்மனுடைய நகைகள் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டியைச் சுற்றிச் சங்கிலி. நான்கு குடும்பப் பகுதிக்காரருக்கு அதில் உரிமை. சாவிப் பூட்டுப் போட்டுத் திறப்பு ஒருவரிடம் இருந்தால் மற்ற மூவருக்கும் நித்திரை வராது. அதனால் எங்கள் கடையில் நாலு சில்லு நம்பர் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டு, ஆளுக்கொரு சில்லு என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருவருடைய நம்பர் மற்றவருக்குத் தெரியாது. திருவிழாவுக்கு முன் நான்கு பேரும் கூடுவார்கள். ஐயர் பூட்டை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மேலே ஒரு சால்வையால் மூடி, அதற்குள் கையை விட்டு ஒவ்வொருவரும் குனிந்து பார்த்துத் தங்கள் தங்கள் சில்லைத் திருப்புவார்கள். கடைசியில் ஐயர் இழுப்பார், திறக்கும். இப்படி ஒரு முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் சில வருடங்கள் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அந்த வருடம் திறக்கவில்லை. கொடியேற்றத்துக்கு முதல் நாள் காலையில் ஓட்டோ அனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். பூட்டை விற்றவன் நான், அதோடு எந்தப் பகுதிக்கும் சொந்தமில்லாத வேதக்காரன். கோயில் வாசலில் சட்டையைக் கழற்றியபோதுதான் கழுத்தில் குருசு கிடப்பது நினைவுக்கு வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். ஐயர் சிரித்துக்கொண்டு, "அது கிடக்கட்டும், உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

உள்ளே அறை முழுக்கப் புதிதாக மாபிள் பதித்திருந்தார்கள். பெட்டி சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. நான்கு பேரும் வேர்த்துப்போய் நின்றார்கள். எனக்கு இரண்டு பேரைச் சொன்னால் போதும். ஒருவர் சபாரத்தினத்தார், வெங்காயத் தோட்டக்காரர், எண்பதை எட்டிக்கொண்டிருந்தவர். மற்றவர் நடராசா, அவருடைய செத்துப்போன மனைவியின் தம்பி. ஒரு ஒழுங்கைப் பாதை வழக்கினால் இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. ஏதாவது சொல்வதென்றால் ஐயரைப் பார்த்துச் சொல்வார்கள்.

"இதிலை என்ன கிடக்கு?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன். நான்கு பேரும் என்னை விசரனைப்போலப் பார்த்தார்கள்.

"சரி, ஒராளின்ரை நம்பர்தான் பிழைச்சிருக்கும்" என்றேன். "நீங்கள் எல்லாரும் வையுங்கோ. நான் ஒவ்வொரு சில்லா ஒருக்கால் சுத்திப் பாக்கிறன். திறந்திடும்."

"ஆரின்ரை சில்லை முதல் சுத்துவீர்?" என்று கேட்டார் நடராசா.

எனக்கு விளங்கவில்லை. எந்தச் சில்லாக இருந்தால் என்ன? பிறகு ஐயர் காதுக்குள் சொன்னார். ஒருவருடைய சில்லை நான் தொட்டால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடுமாம். ஆகவே யாரும் தொட விடமாட்டார்கள். வாளால் வெட்டலாம் என்றேன். வெட்டினால் யார் பொய் சொன்னது என்று தெரியாமல் போய்விடும், வெட்டவும் கூடாது என்றார் நடராசா. திருவிழாவைக் குழப்புவதற்காக ஒருவர் வேண்டுமென்றே பிழையாகத் திருப்புகிறார் என்பது அவருடைய எண்ணம். அந்த ஒருவர் யார் என்று அவர் சொல்லவில்லை, ஐயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சபாரத்தினத்தார் அப்போதுதான் வாய் திறந்தார். "ஐயா, கற்பூரத்தைக் கொளுத்துங்கோ. நான் நூர்த்துச் சத்தியம் பண்ணுறன். நான் வைச்சது என்ரை நம்பர்தான்."

ஐயர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. அம்மன் சந்நிதியில் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அவருடைய மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் பக்கத்து வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறவள். "அப்பா, விடுங்கோ, பரவாயில்லை" என்றாள். அந்தப் 'பரவாயில்லை' எனக்கே சரியாகப் படவில்லை. கொஞ்ச நாளாக அவர் அடுப்பை நூர்க்க மறப்பதும், ஆட்களின் பெயரை மாற்றிச் சொல்வதும் உண்டாம். தோட்டத்தை விற்றுவிட்டு அவரைக் கொழும்பில் மகனோடு விடுவதாக வீட்டில் கதை நடந்துகொண்டிருந்தது. இது எனக்குப் பிறகு தெரிந்தது.

கடைசியில் ஒருவருக்கும் சாயாமல் கைவேலையில் திறப்பது என்று எல்லோரும் சம்மதித்தார்கள். பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தேன். அறையில் மூச்சுச் சத்தம் கேட்டது. இரண்டாம் சில்லு முதலில் விழுந்தது. பிறகு நாலாவது, பிறகு முதலாவது. மூன்றாம் சில்லு நிறைய நேரம் எடுத்தது, என் விரலும் வேர்த்து வழுக்கியது. வளையம் எழும்பியதும் பழக்கப்படி சில்லுகளைக் கலைக்கப் போனேன். நடராசா குனிந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கலையாதையும். எல்லாரும் பாக்கட்டும்."

எல்லோரும் பார்த்தார்கள். "என்ரை சரி" என்று ஒருவர் சொன்னார். "என்ரையும்" என்றார் அடுத்தவர். நடராசா தலையை ஆட்டினார். மூன்றாம் சில்லு சபாரத்தினத்தாருடையது. அதில் எட்டு நின்றது.

"எட்டு என்ரை இல்லை" என்றார் அவர். மறைத்திருக்கலாம், ஓம் எட்டுத்தான் என்று சொல்லியிருக்கலாம். மனிதர் சொல்லவில்லை. "நான் வைச்சது மூண்டு. எனக்கு மூண்டு பிள்ளையள். அதை மறப்பனோ?"

கள்ளன் என்று யாராவது திட்டியிருந்தால்கூட அவர் நிமிர்ந்து சண்டை பிடித்திருப்பார். நடராசாவே சத்தத்தைக் குறைத்து, "சரி ஐயா, அத்தானுக்கு ஏலாது போலை கிடக்கு. திருவிழா முடிஞ்சு பெட்டி பூட்டேக்கை அவரின்ரை சில்லை வேறை ஆரும் பாக்கட்டும்" என்றார். சபாரத்தினத்தாருக்குத் தகப்பன் வழியில் வந்த உரிமை அந்த ஒரு வசனத்தோடு போய்விட்டது. அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் செருப்பை மாற்றிப் போட்டார். அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

நான் ஓட்டோவில் திரும்பி வரும்போது குழம்பிப்போய் வந்தேன். கை பிழை சொல்லவில்லை, எட்டில்தான் திறந்தது. அவர் முகமும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? வீட்டில் மனிசியிடம் சொன்னேன். "வயசு போனால் மறதி வரும்தானே, நீங்கள் போன கிழமை குடையை எங்கை விட்டனீங்கள்?" என்றாள். அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டேன்.

திருவிழா நடந்துகொண்டிருக்கும்போது ஒரு நாள் சபாரத்தினத்தார் கடைக்கு வந்தார், தனியாக, பஸ்ஸில். அதே மாதிரிப் பூட்டு ஒன்று வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"மூண்டை வைச்சுப் பூட்டிப்போட்டுப் பேந்து திறந்து பாக்கப்போறன். எனக்கு மூளை கலங்கிப்போச்சோ எண்டு அறியவேணும், தம்பி. பிள்ளையளைக் கேட்டா ஒண்டுமில்லை எண்டுவினம். பூட்டு அப்பிடிச் சொல்லாது."

கொடுத்தேன். சில நாள் கழித்துப் பூட்டோடு திரும்பி வந்தார். கண் குழி விழுந்திருந்தது. வீட்டில் காலையும் பின்னேரமும் பூட்டித் திறந்து பார்த்தாராம். ஒரு தரமும் பிழைக்கவில்லையாம்.

"அப்ப மூளை சரிதானே ஐயா?" என்றேன்.

"இஞ்சை சரியெண்டால் அங்கை எப்பிடி எட்டு வந்தது? அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. நான் செய்யிறது ஒண்டு, நினைக்கிறது ஒண்டோ?"

"கோயிலிலை செய்யிற மாதிரி ஒருக்கால் செய்து காட்டுங்கோ" என்று மட்டும் கேட்டேன். கவுண்டரில் பூட்டை நிமிர்த்தி, ஐயர் பிடிப்பதுபோல் பிடித்தேன். அவர் அந்தப் பக்கம் நின்று மூன்றாம் சில்லைத் திருப்பினார்.

"வைச்சிட்டன். பாரும்."

பார்த்தேன். எட்டு.

"ஐயா, இது எட்டு" என்றேன் மெல்ல.

"என்ன கதை கதைக்கிறீர்? மூண்டு!"

"எட்டு, ஐயா."

"உமக்குக் கண் தெரியேல்லையோ? நல்லாப் பாரும்!"

"நான் நல்லாத்தான் பாக்கிறன். எட்டு!"

கடையில் நின்ற சனம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. அவர் பக்கம் நின்று சுட்டிக் காட்டுவதற்காகப் பூட்டை அப்படியே கவுண்டரில் வைத்துவிட்டுச் சுற்றி வந்தேன். அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். மூன்று.

திரும்ப என் பக்கம் ஓடினேன். எட்டு. மறுபடி அவர் பக்கம். மூன்று. நான் அப்படி ஓடித்திரிவதைப் பார்த்து அவர் பயந்துவிட்டார், இவனுக்கும் வந்துவிட்டதோ என்று. அந்தப் பூட்டில் சில்லுகள் முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். பின்பக்கம் மூன்று வந்தால் முன்பக்கம் எட்டு நிற்கும். எத்தனையோ வருடம் அந்தப் பூட்டை விற்றவன் நான். விற்கிறவன் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறான்.

"ஐயா, முந்தி அந்தப் பெட்டி எங்கை இருந்தது?"

"அறை நடுவிலை. இப்பதானே மாபிள் போட்டுச் சுவரோடை தள்ளினவை."

"நீங்கள் எந்தப் பக்கம் நிண்டு சில்லைத் திருப்புறனீங்கள்?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த சீமெந்துப் பையில் இருந்துவிட்டார். "அவை மூண்டு பேரும் ஒரு பக்கம். நான் மற்றப் பக்கம்" என்றார். "நடராசாவோடை உரசிக்கொண்டு நிக்கேலாதெண்டு, முதல் நாளிலையிருந்து நான் மற்றப் பக்கந்தான்."

ஒவ்வொரு வருடமும் அவர் பின்னால் நின்று மூன்றை வைத்தார், முன்னால் எட்டு விழுந்தது, பூட்டுத் திறந்தது. பெட்டி சுவரோடு போனதும் அவரும் முன்னால் வரவேண்டியதாயிற்று. முன்னால் மூன்றை வைத்தார், திறக்கவில்லை. வீட்டுப் பூட்டை அவர் எப்போதும் அதன் முன்பக்கத்தைப் பார்த்தே வைத்திருக்கிறார், அதனால் அது திறந்தது. இதை அவருக்கு விளங்கப்படுத்துவதற்குள் நானே இரண்டு தரம் மாறிச் சொன்னேன். அவருக்கு விளங்கியதும் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு அழுதார். பெரிய மனிதர் ஒருவர் கடை நடுவில் அப்படி அழுததை நான் கண்டதில்லை.

"எனக்கு ஒண்டுமில்லை என்ன, தம்பி? மூளை சரிதானே?"

"சரி ஐயா."

"இன்னொருக்கால் சொல்லும்."

திருவிழா முடிந்து நகைகளைத் திரும்பப் பூட்டுகிற நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் விளங்கப்படுத்தத் தொடங்க எல்லோரும் குழம்பினார்கள். முன்னால் என்றேன், பின்னால் என்றேன், ஐந்து தள்ளி என்றேன். ஒருவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் ஐயர் பெட்டியைச் சுவரிலிருந்து இழுக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் சுற்றி நடக்க வைத்தார். பெட்டியைச் சுற்றிப் பெரியவர்கள் குனிந்து குனிந்து வலம் வந்தார்கள். நடராசா மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுற்றினார். பிறகு நின்று, ஐயரைப் பார்க்காமல், நேரே மச்சானைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் முதல் தரமாம்.

"அத்தான், அப்ப நான் நிண்டபடியாலோ நீங்கள் அந்தப் பக்கம் போனது?"

"வேறை ஆருக்காக?"

நடராசா கொஞ்சம் நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். சபாரத்தினத்தார் உடனே போகவில்லை. மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு பெட்டியைச் சுற்றி வந்து மைத்துனருக்குப் பக்கத்தில் நின்றார். இருவர் தோளும் முட்டியது.

பழைய நம்பரைத்தான் எல்லோரும் பார்த்துவிட்டார்களே, புது நம்பர் போடவேண்டும். ஐயர் பூட்டைப் பிடித்து முகத்தைத் திருப்பினார். சால்வையைக் கொண்டுவந்தார்கள். சபாரத்தினத்தார் அதைக் கையால் விலக்கினார்.

"எனக்குச் சால்வை வேண்டாம். இனி நான் பிழையாச் சொல்லுறன் எண்டு ஆரும் சொல்லக்கூடாது" என்றார். எல்லோருக்கும் காட்டிக்கொண்டே சில்லைத் திருப்பினார். "என்ரை நம்பர் மூண்டு. முன்னாலை மூண்டு. எல்லாரும் பாருங்கோ."

மற்ற இரண்டு பேரும் திகைத்துப்போனார்கள். இப்படிச் சொல்லிவிட்டால் பூட்டு எதற்கு என்று ஒருவர் என்னையே கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் பூட்டு விற்கிறவன். சால்வை யார் கையிலோ தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முறை நடராசாவுடையது. அவர் சால்வையைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், பிறகு குனிந்து தன் சில்லை வெறும் கையால் திருப்பினார்.

"என்ரை ஏழு" என்றார்.